டாங்கிக்குப் புது என்ஜின், வீரரின் காதுக்கு?

புதுதில்லி: முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்ட முதல் டி-90 டாங்கி, தில்லி கன்டோன்மென்டில் உள்ள 505-ஆவது ராணுவத் தளப் பணிமனையிலிருந்து 2024 அக்டோபரில் வெளிவந்தது. தரைப்படைத் தலைமைத் தளபதி உபேந்திர துவிவேதி அதை நேரில் பார்வையிட்டார். அடுத்த சில மாதங்களில் என்ஜின்கள் பற்றிய செய்திகள் வந்தன. டி-72 டாங்கிகளின் 780 குதிரைத்திறன் என்ஜினை மாற்றி 1,000 குதிரைத்திறன் என்ஜின் பொருத்த, 2025 மார்ச் 7-ல் ரஷிய நிறுவனத்துடன் 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பமும் கிடைக்கும். அதே மாதம் 20-ல், டி-90 டாங்கிகளுக்கு 1,350 குதிரைத்திறன் என்ஜின் வாங்கப் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் அளித்தது.

உள்ளே அமர்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் இன்டர்காம் குறித்து இந்த அறிவிப்புகளில் ஒரு சொல்லும் இல்லை.

ஓடும் டாங்கியின் உட்புறத்தில் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அந்த அளவு ஒலியில் காதுப் பாதுகாப்பின்றி நாளொன்றுக்கு 15 நிமிடங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார அமைப்பின் பரிந்துரை. தலைக்கவசத்தின் திண்டு கூர்மையான ஒலிகளைத் தடுக்கும். என்ஜினின் அடித்தொண்டை உறுமலைத் தடுக்காது.

டி-72 டாங்கியுடன் வந்த சோவியத் கால ஆர்-124 இன்டர்காமில், குரலைத் தொண்டையோடு ஒட்டிய மைக் பிடிக்கிறது. வெளி இரைச்சல் அதில் குறைவாகவே சேரும். ஆனால், நாக்கிலும் பல்லிலும் பிறக்கும் எழுத்துகள் தொண்டையில் அதிர்வதில்லை. ஹிந்தியில் ஏழைக் குறிக்கும் 'சாத்', எட்டைக் குறிக்கும் 'ஆட்' போலக் கேட்க இடமுண்டு. இலக்கின் எண்ணைச் சொல்லும் தளபதிக்கும் சுடுநருக்கும் இது சிறு விஷயமல்ல. வாய்க்கு முன் மைக் வைத்தால் எழுத்து தெளியும். கூடவே இரைச்சலும் பெருக்கப்பட்டு நேராகக் காதுக்குள் போகும்.

இரைச்சல் குறைப்புச் சாதனம் இரு முனைகளிலும் வேலை செய்கிறது. மைக் பக்கத்தில் இடைவிடாத உறுமலைக் கணித்துக் குரலிலிருந்து கழிக்கிறது. காதுக் கிண்ணத்தில் எதிர்க்கட்ட ஒலியை எழுப்பி, உள்ளே புகுந்த உறுமலை அடக்குகிறது. அமெரிக்க ராணுவம் 1990-களிலேயே விக்-3 இன்டர்காமில் இந்த வசதியைப் பெற்றுவிட்டது.

இதைப் பொருத்துவது, கடையில் வாங்கிய பெட்டியைத் திருகி மாட்டுவது போன்றதல்ல. டாங்கியின் 24 வோல்ட் மின்சாரம் என்ஜினைக் கிளப்பும்போது தாழ்கிறது, பிறகு எகிறுகிறது. வடிகட்டி இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் சிணுங்கலே புது இரைச்சலாகிவிடும். கழித்தல் அளவுமீறினால் கட்டளையின் முதல் அசை வெட்டுப்படும். சாதனம் பழுதானால் குரல் அதைச் சுற்றிக்கொண்டு செல்ல மாற்றுவழி வேண்டும். சண்டைக்கு நடுவே இன்டர்காம் ஊமையாகிவிடக் கூடாது. ராஜஸ்தான் வெயிலும் லடாக் குளிரும் தனிச் சோதனைகள்.

இரைச்சலைக் கடைசியில் கவனித்துக்கொள்ளலாம் என்று இருப்பதன் விலையைப் பிரிட்டன் அறியும். 550 கோடி பவுண்டு மதிப்பில் 589 ஏஜாக்ஸ் கவச வாகனங்கள் வாங்கும் அதன் திட்டத்தில், இரைச்சலாலும் அதிர்வாலும் 2020-லும் 2021-லும் சோதனைகளை நிறுத்த நேர்ந்தது. 2025 நவம்பரில் வாகனம் பணிக்குத் தயார் என்று அறிவித்த சில வாரங்களுக்குள், பயிற்சியில் சுமார் 30 வீரர்கள் பாதிக்கப்பட்டு மீண்டும் நிறுத்தம் வந்தது.

இந்தியாவுக்கு இப்போது வசதியான நேரம். என்ஜின் மாற்றவோ, முழுப் புதுப்பிப்புக்கோ டாங்கி எப்படியும் பிரிக்கப்படுகிறது. கம்பிகள் வெளியே கிடக்கின்றன. அப்போது இன்டர்காமையும் மாற்றினால் கூடுதல் உழைப்பு குறைவு. இன்று விட்டுவிட்டால், மூடிய டாங்கியை இதற்கென்றே மறுபடி திறக்க வேண்டும். அதற்குத் தனிக் கோப்பு, தனி டெண்டர், தனிச் சோதனை. புது என்ஜின்களுக்கான வேலைப் பட்டியலில் இன்டர்காமையும் சேர்க்கும் முடிவை, முதல் தொகுதி டாங்கிகள் ஆவடியில் மூடப்படுவதற்குள் பாதுகாப்பு அமைச்சகம் எடுத்தாக வேண்டும்.