கீபோர்டு மறந்துவிடும், நாம் மறக்கலாமா?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பல வீடுகளில் இசைக்கருவி என்று எதுவும் இராது. பாட்டு வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் வளைந்து செல்லும் மலைச்சாலையில் நெடுந்தூரம் செல்ல வேண்டும். ஆகவே, பள்ளியில் உள்ள ஒரே கீபோர்டுதான் இப்பிள்ளைகளுக்கு ஆர்மோனியம், தம்புரா, சுருதிப்பெட்டி எல்லாம். அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது குறித்தே இப்பதிவு.

சில ஆண்டுகளுக்கு முன் திருமுறைப் போட்டிக்கு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். அவள் குரலுக்கு 5 கட்டை சுருதி பொருந்தியது. எனக்கோ 1 கட்டையில்தான் விரல் ஓடும். எனவே கீபோர்டின் சுருதி மாற்றும் வசதியான டிரான்ஸ்போசைக் ‘கழித்தல் 5’ என வைத்துக்கொண்டேன். 1 கட்டையை அழுத்தினால் அதற்குக் கீழுள்ள 5 கட்டை ஒலிக்கும். மூன்று வாரப் பயிற்சியிலும் நாள்தோறும் அதை மாற்றி வைத்தேனே தவிர, சேமித்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

போட்டியன்றும் காலையிலேயே மாற்றி வைத்துக் காத்திருந்தோம். இக்காலக் கருவிகள் பல, அரைமணி நேரம் தொடாமல் இருந்தால் தாமே அணைந்துவிடும். எங்கள் முறை வந்தபோது கருவி அணைந்திருந்தது. அவசரமாக இயக்கிச் சுருதி கொடுத்தேன். அது பழைய நிலைக்கே திரும்பி, ஐந்து அரைச்சுரம் உயர்ந்து ஒலித்தது! பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாடத் தொடங்கினாள். மேல் சுரத்தில் குரல் உடைந்தது.

திரும்பும் வழியில், “டீச்சர், நான் தப்பா பாடிட்டேனா?” என்று கேட்டாள். “இல்லம்மா, தப்பு என்னுடையது” என்றேன். உண்மையும் அதுதான்.

நாம் தேர்ந்த குரல், தாளவேகம், சுருதி, ஒலியளவு ஆகியவை கருவி அணைந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும். அவற்றை ஒருசேரக் காப்பதற்கென்றே பல கருவிகளில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி’ என்னும் நினைவகம் உண்டு. யமஹா பி.எஸ்.ஆர். இ463 கருவியில் 8 தொகுதிகள், தொகுதிக்கு 4 என 32 இடங்கள் உள்ளன. நினைவகப் பொத்தானைக் கொண்டு தொகுதியையும் எண்ணையும் தேர்ந்து சேமித்தால் போதும். ஒரு நிமிட வேலை! சேமிக்கும்போது மட்டும் கருவியை அணைத்துவிடக் கூடாது.

நினைவகத்தை மட்டும் நம்புவதும் போதாது. இதே வரிசைக் கருவிகளில், வலக்கோடி வெள்ளைக் கட்டையை அழுத்தியபடியே இயக்கினால் சேமித்தவை அழிந்து தொடக்கநிலைக்குத் திரும்பிவிடும். சில பழைய கருவிகளில் மின்கலமும் மின்னிணைப்பும் ஒருசேர நீங்கினாலே அழிந்துவிடும். ஆகவே ஓர் எழுத்துப்புத்தகத்தில், எந்த எண்ணில் எந்தப் பாடலுக்கு என்ன சுருதி, என்ன குரல் என்று எழுதிக் கருவியோடு கட்டி வையுங்கள்.

இது வெறும் பொத்தான் சமாச்சாரமா? இல்லை என்பதே என் கருத்து. ஆசிரியர்கள் மாற்றலாகிச் செல்வது இயல்பு. இசை தெரிந்த ஒருவர் சென்றதும், அவர் கண்டுபிடித்து வைத்தவையும் அவருடனேயே போய்விடுகின்றன. புதியவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். அல்லது கருவி அலமாரிக்குள் போய்விடும். இழப்பு யாருக்கு?

“பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும்” என்று சிலர் அஞ்சுகின்றனர். தொடாமல் பூட்டி வைத்தால், மலைக்குளிரின் ஈரத்தில் கெடாதா? ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் இருவரைப் பொறுப்பாளர்களாக்கிச் சேமிக்கக் கற்றுக்கொடுங்கள். இன்று எங்கள் வகுப்பில் அதைச் செய்வது பிள்ளைகளே. பாடுமுன் அவர்களே ஒருமுறை ‘ச’ அழுத்திச் சரிபார்க்கிறார்கள்.

பெற்றோர்களே, பள்ளிக்குக் கருவி வாங்கித் தருவதோடு நின்றுவிடாதீர்கள். “என் பிள்ளையின் சுருதி எத்தனை கட்டை? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?” என்று எங்களைக் கேளுங்கள். கேட்டால்தான் நாங்களும் மறக்க மாட்டோம்.