பாவு போடுறது எடுபிடி வேலையாம்!

"தறியில உக்காந்து நெய்யறதுதான்டா கலை. பாவு போடுறதெல்லாம் எடுபிடி வேலை. அதையும் மிஷின் இல்லாம வீட்ல எப்படிப் போடுவ?" நம்ம விருத்தாசலம் ஹாஸ்டல் மக்கள் சிலர் திருவாய் மலர்ந்தது இது. பீங்கான் படிக்கிறவனுக்கு நூல் எதுக்குன்னு ஒரு கூடுதல் நக்கல் வேறு!

முதலில் அந்த "எடுபிடி"யைப் பார்ப்போம். துணியின் நீளம், அகலம், நெருக்கம், கோடு எங்கே வரும் என்பது எல்லாமே பாவிலேயே முடிவாகிவிடுகிறது. செ.மீ.க்கு 20 இழை வீதம் 30 செ.மீ. அகலத் துண்டுக்கு 600 இழை. அத்தனையும் ஒரே நீளம், ஒரே இழுவை, ஒரே வரிசை. நெய்யும்போது ஊடை தப்பினால் பிரித்து விடலாம். பாவு தப்பினால் கடைசி வரை அழ வேண்டியதுதான்.

சரி, மிஷின்? ஒரு மேசையைக் கவிழ்த்துப் போடுங்கள், நாலு கால் கிடைக்கும். நூலை அதில் சுற்றிக்கொண்டே போய், ஒரு முனையில் இரண்டு கால்களுக்கு நடுவே எட்டு போல மாற்றிப் போட்டுத் திரும்புங்கள். வரிசை கலையாமல் காப்பது அந்த எட்டுதான். அதைக் கயிற்றால் கட்டாமல் எடுத்தால் 600 இழையும் நூடுல்ஸ் :-) நீளம் போதவில்லையென்றால் இரண்டு நாற்காலி. ஆனால் மேலே கனமாக எதையாவது வையுங்கள். சுற்றச் சுற்ற நாற்காலி உள்ளே நகரும், பின்னால் சுற்றிய இழை குட்டையாகும், முதல் இழைகள் தறியில் தொளதொளவென்று தொங்கி நாடாவைத் தடுக்கும். நம் நெசவாளர்கள் தெருவையே கருவியாக்கிப் பாவு விரித்தவர்கள். அதற்கு எந்த மிஷின் இருந்தது?

பீங்கானுக்கு வருவோம். பழைய கிரேக்கத்தில் பாவு இழைகளை மேலிருந்து தொங்கவிட்டு, கீழே சுட்ட மண் குண்டுகளைக் கட்டி இழுத்துப் பிடித்தார்கள். கீழடி பற்றி 2019-ல் வந்த தொல்லியல் துறை அறிக்கையும் தக்களிகளோடு, நூலில் தொங்கவிடும் கற்களையும் நெசவுக்குச் சான்றாகச் சொல்கிறது. நம்ம ஊர் தொழிற்பேட்டையில் கழித்துப் போடும் ஓட்டை இன்சுலேட்டர்களுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா? இன்றைய ஜவுளி மில்லிலும் நூல் வழுக்கிப் போகும் வளையங்கள் பல பீங்கான்தான். ஓடுகிற நூல் இரும்பையே அறுத்துவிடும் என்பதால். நூலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லையாம்!

"எடுபிடி" என்ற சொல்லால் யார் வயிற்றில் அடி விழுகிறது தெரியுமா? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்கள் 26.73 லட்சம், துணைத் தொழிலாளர்கள் 8.48 லட்சம். பாவு ஓட்டுகிறவரும், கஞ்சி போடுகிறவரும், தார் சுற்றுகிறவரும் அந்த "துணை"யில் அடக்கம். கூலி பெரும்பாலும் நெய்த துணிக்குத்தான். வீட்டுப் பெண்கள் நாள் பூராவும் தார் சுற்றினாலும் அது தனிக் கூலியாக வருவது அபூர்வம். வேலைக்குப் பெயரில்லாதபோது கூலி எப்படி வரும்?

ஆகஸ்ட் 7 கைத்தறி தினத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்கப் போட்டோ எடுக்கிற மக்களே, தறி முன்னாடி நின்றது போதும். கடலூர் ரயிலில் ஏறினால் லுங்கி நெய்யும் குறிஞ்சிப்பாடி. இறங்கி, அங்கே பாவு போடுகிறவரிடம் அவருக்கு என்ன கூலி என்று கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.