‘காமராஜர்’ என்ற இடமெல்லாம் ‘விருதுநகர்’ போடலாமா?

ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை. நிரலை மாற்ற மேக்ரோ நல்லதா, இலக்கணப்படி பகுத்து மரமாக்கி மாற்றுவது நல்லதா என்று. ஓய்வுபெற்ற கிளார்க்குக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றி எழுதுவதுதானே ஐயா எங்கள் பிழைப்பே!

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் ராமநாதபுரம் மாவட்டம் மூன்றானபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காமராஜர் மாவட்டத்துக்கு வந்தன. 1997-இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். விருதுநகர் மாவட்டம் ஆனது. ‘காமராஜர்’ என்ற இடமெல்லாம் ‘விருதுநகர்’ போடு என்று கணினியிடம் சொல்லிப் பாருங்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழகம், மதுரை விருதுநகர் பல்கலைக்கழகம் ஆகிவிடும்!

சி மொழியின் பழைய மேக்ரோ இந்த ரகம்தான். வர்க்கம்(அ) என்றால் அ×அ என்று எழுதிவைத்து, வர்க்கம்(2+3) கேளுங்கள். 2+3×2+3 என்று நிரப்பும். பெருக்கல் முதலில் என்பதால் விடை 11. வரவேண்டியது 25.

பேபல் போன்ற கருவி அப்படிச் செய்வதில்லை. எது பெயர், எது செயல் என்று பிரித்து மரமாக்கி, வேண்டிய கிளையை மட்டும் மாற்றி, மறுபடி எழுத்தாக்குகிறது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வாக்கியத்தைப் பகுக்காமல் அதில் கைவைக்க எங்கள் வாத்தியார் விடமாட்டார். ஆண்பால் பெயரை எடுத்துப் பெண்பால் பெயரை வைத்தால் அடைமொழியும் மாறவேண்டுமே. தமிழில் மட்டும் என்ன? ‘அவன் வந்தான்’ என்பதில் அவனை மட்டும் மாற்றினால் ‘அவர் வந்தான்’!

எல்லா மேக்ரோவும் குருடல்ல என்பார்கள். உண்மை. லிஸ்ப் மேக்ரோ மரத்தின்மீதே வேலை செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கென வந்த ஸ்வீட் ஜேஎஸ்ஸும் பெயர்கள் மோதாமல் பார்த்துக்கொள்கிறது. என் வழக்கு வேறு. மேக்ரோ ஆளுக்கொரு சொந்தமொழி தருகிறது. ‘ந.க. எண்’ என்றால் எந்த அலுவலகத்திலும் புரியும். ஓர் அலுவலகத்தில் ஒருவர் தனக்கென்று சுருக்கெழுத்து உண்டாக்கிப் பதிவேடு எழுதினார். மாற்றலில் போனார். அடுத்து வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விதவையின் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றது.

பேபலிலும் சொந்தச் சரக்கு சேர்க்கலாம்தான். ஆனால் மரவழியில் ஒரே தடவை மாற்றி முடித்தால், கையில் மிஞ்சுவது எல்லோரும் படிக்கும் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட். வரிவரியாகச் சரிபார்க்கலாம். மேக்ரோவோ மூலத்திலேயே குடியிருக்கும். வருகிறவனெல்லாம் முதலில் அதைப் படிக்கவேண்டும்.

எழுதுகிறவன் கைக்கு மிச்சம் என்று பார்க்காதீர்கள், பிள்ளைகளே. அடுத்த நாற்காலிக்கு வருகிறவன் படிக்கவேண்டும்.