பங்குனி வெயிலும் பக்கத்துத் தெரு வாடிக்கையாளரும்



மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் நம் திருவண்ணாமலையில் வெயில் மலையிலிருந்தே இறங்கி வருகிறது. பகலெல்லாம் காய்ந்த பாறை, இரவு கடையைக் கட்டும் நேரம் வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கார்த்திகை முதல் ஓட்ஸும் தேனும் பீநட் பட்டரும் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டினர் ஒவ்வொருவராக மூட்டை கட்டுகிறார்கள். அவர்களையே நம்பி நடக்கும் சில சிற்றுண்டிக் கடைகள் சித்திரைக்குள் கதவைச் சாத்திவிடும். மழைக்காலம் வந்தபிறகுதான் மறுபடி அடுப்பு எரியும்.

"சீசன் முடிஞ்சுது" என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்ளும் நேரம் இது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன். யாருடைய சீசன் முடிந்தது?

இங்கிருந்து போகிற வெளிநாட்டினரின் ஊர்ப்பக்கம் நிலைமை தலைகீழ். ஐரோப்பாவில் கிரேக்க நாட்டுத் தீவுகளில் குளிர்காலத்தில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். ஈஸ்டர் பண்டிகை நெருங்கும்போது ஊரே சுண்ணாம்பு அடித்துக்கொள்கிறது. அத்தியாவசியச் சாமான்கள் அத்தனையும் கப்பலில் வந்து இறங்கவேண்டும். தண்ணீர் பற்றாத சிறு தீவுகளுக்குக் குடிநீரே கப்பலில் போனதுண்டு. ஏப்ரல், மே மாதத்தில் திறந்த கடைகள் அக்டோபரோடு மூடிவிடும். நாம் கார்த்திகைத் தீபத்தை எதிர்பார்ப்பதுபோல் அவர்கள் கோடையை எதிர்பார்க்கிறார்கள். அதில் சம்பாதித்தவர்கள் நிறையப் பேர், மறுப்பதற்கில்லை. ஆனால் சான்டோரினி என்ற தீவைப் பாருங்கள். அங்கே குடியிருப்பவர்கள் 20,000 பேருக்கும் குறைவு. வந்து போகிறவர்களோ வருடத்துக்கு 30 லட்சத்தைத் தொட்டாயிற்று. விளைவு, அந்தத் தீவின் பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. வீடுகளெல்லாம் பயணிகளுக்கு என்று ஆகிவிட்டன. ஊருக்குள்ளே ஊர்க்காரருக்கு இடம் சுருங்குகிறது.

நம் ஊர் அந்த அளவுக்குப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போகிற திசை எனக்குப் பிடிக்கவில்லை. தேரடி வீதியிலும் சின்னக்கடைத் தெருவிலும் நடந்து பாருங்கள். முன்பு பருப்பும் மல்லியும் குவித்து வைத்திருந்த முகப்பில் இன்று தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் சரம் சரமாகத் தொங்குகின்றன. மளிகை உள்ளே இருட்டுக்குப் போய்விட்டது. பக்கத்துத் தெரு அம்மா அரைக் கிலோ உளுந்து கேட்டால், "இருங்கம்மா, கூட்டம் போகட்டும்" என்கிறோம். அந்த அம்மா எத்தனை நாள் இருப்பார்? புறவழிச்சாலைப் பக்கம் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. கையில் செல்போன் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வருடத்துக்குப் பௌர்ணமி 12 அல்லது 13. ஒன்றுக்கு 2 நாள் வைத்தால் 26. தீபத் திருவிழாவுக்கு 10. இப்போது ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து பக்தர்கள் சனி, ஞாயிறும் நிரம்பி வருகிறார்கள், அதற்கு 104 நாள் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 140. மீதி 225 நாள் கல்லாவில் யார் பணம் போடுகிறார்?

இந்தக் கேள்விக்கு விடை நமக்கு ஒருமுறை கிடைத்திருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதன்பின் ஏறத்தாழ 2 வருடம் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை. 14 கிலோமீட்டர் பாதையும் வெறிச்சோடிக் கிடந்தது. அந்த நாட்களில் எந்தக் கடை நின்றது, எந்தக் கடை ஷட்டரை இறக்கியது என்பதை நாமெல்லாம் கண்ணால் பார்த்தோம். மாசச் சாமான் சிட்டை வந்துகொண்டிருந்த கடை நின்றது.

சரி, கோடைக்கு வருவோம். உள்ளூர்க் குடும்பம் வருடத்திலேயே அதிகமாக மளிகைக் கடையை நாடுவது இந்த மூன்று மாதங்களில்தான். இதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? புதுப்புளி வருவது இப்போது. ஜவ்வாது மலைப் புளி மாசி, பங்குனியில் இறங்குகிறது. மிளகாய் வரத்து இப்போது. மல்லி, துவரை எல்லாம் புதுச்சரக்கு. வருடத்துக்கு வேண்டிய புளியை வாங்கி, கொட்டை எடுத்து, உப்புத் தடவி, வெயிலில் காயவைத்துப் பானையில் அடைக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. மாடிக்கு மாடி வடாமும் மோர் மிளகாயும் காய்கின்றன. ஜவ்வரிசி, பச்சரிசி, சீரகம், பெருங்காயம் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று விற்கும் காலம்.

இதில்தான் கடைக்காரனின் நாணயம் தெரிகிறது. போன வருடப் புளி கறுத்துவிடும். அதைப் புதுப்புளியோடு கலந்து தள்ளிவிடலாம் என்று நினைக்கிறவர் நம்மில் இல்லாமலில்லை. பிஸ்கட் நமுத்திருந்தால் வாடிக்கையாளர் ஒரு நாள் திட்டுவார். புளியில் ஏமாற்றினால் வருடம் முழுவதும், ஒவ்வொரு நாள் ரசத்திலும், உங்கள் கடைப் பெயர் அடிபடும்! மிளகாயிலும் அப்படித்தான். ஈரம் காயாத மிளகாயை எடைக்காக வாங்கி அப்படியே விற்றால், அவர்கள் மாடியில் காயவைத்து எடுக்கும்போது எடை குறைந்திருக்கும். "காய்ச்சல் போதாது, இன்னும் 2 வெயில் காட்டுங்கள்" என்று விற்கும்போதே சொல்லிவிட்டால் ஒரு பைசா நஷ்டமில்லை.

நம் கிடங்குகளையும் இந்த மாதம் பார்க்கவேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வெல்லம் கசியும், எண்ணெயில் சிக்கு வாடை ஏறும், ரவையிலும் மைதாவிலும் வண்டு விழும். மார்ச் 31 கணக்கு முடிப்புக்குச் சரக்கு எண்ணத்தான் போகிறோம். எண்ணுகிற கையோடு பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் மாற்றி அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு, செங்கம், வேட்டவலம் பக்கத்துக் கிராமங்களில் நவரை நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரம் இது. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா தொடங்கிவிடும். பகலில் பாரதம் படிப்பு, இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. வெளியூரில் இருக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் பேரன் பேத்தியும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கிராமத்துச் சிறுகடைக்காரர் வழக்கமாக வாங்கும் சரக்கைப்போல் இரண்டு பங்கு கேட்பார். அவர் தவணை கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பௌர்ணமிக்காகப் பாட்டில் லோடு இறக்குவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

ஜூன் மாதத்தையும் மறக்கக்கூடாது. பள்ளி திறந்தால் கட்டணம், நோட்டு, சீருடை என்று குடும்பத்தின் பணம் அங்கே போய்விடும். மளிகை பாக்கி நிற்கும். கோபப்பட்டுப் பயனில்லை, ஆகவே சித்திரையிலேயே பழைய பாக்கியை நேர் செய்துகொண்டு, இன்னின்னாருக்கு இவ்வளவு வரை என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் ஆனியில் மனஸ்தாபம் வராது. வாடிக்கையாளரிடமும் ஒரு சிட்டை இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்வதால் கிரிவல பக்தர்கள் வேண்டாம் என்பதல்ல. அண்ணாமலையார் புண்ணியத்தில்தான் இந்த ஊருக்கே வியாபாரம். கோயிலில் வசந்த உற்சவமும், கத்திரி வெயிலில் சுவாமிக்குத் தாராபிஷேகமும் நடக்கிற காலம் இது. சித்ரா பௌர்ணமிக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். 2023ல் அது மே 5 வணிகர் தினத்தன்றே வந்து, மாநாட்டுக்குப் போவதா, கடையில் நிற்பதா என்று பலர் தவித்தது நினைவிருக்கும். வருகிற பக்தரிடம் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் "கூலிங் சார்ஜ்" என்று வாங்குவது சட்டப்படி குற்றம். அதைவிட மோசம், அதே விலையை மறுநாள் உள்ளூர்ப் பையனிடமும் கேட்பது. அவன் வீட்டில் போய்ச் சொல்வான்.

பௌர்ணமியன்று ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். தெருவில் கால் வைக்க இடமிருக்காது. உள்ளூர்ப் பெண்கள் அந்த 2 நாளும் கடைப்பக்கம் வரமாட்டார்கள். முந்தின நாளே போன் செய்து, "ஏதாவது வேணுமாம்மா, பையனிடம் கொடுத்தனுப்பட்டுமா?" என்று கேட்டால் என்ன? பெரிய கம்பெனிகள் இதற்காகக் கோடிக்கணக்கில் செலவு செய்கின்றன. நமக்கு ஒரு சைக்கிள் போதும்.

தண்ணீர்ப் பந்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழாவன்று தர்பூசணி, வெள்ளரி, நீர்மோர், புகைப்படம். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் பானையின் அடியில் தூசி. திறக்காமலே இருந்திருக்கலாம்! கத்திரி மே மாதக் கடைசி வரை இருக்கிறது. தெருவுக்கு 4 கடைக்காரர்கள் வாரமுறை போட்டுக்கொண்டு, மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் பால்காரருக்கும் தபால்காரருக்கும் கடைசி நாள்வரை பானை நிறைந்திருக்கப் பார்க்கவேண்டும்.

அடுத்த செயற்குழுவில் இரண்டு விஷயங்களை வைக்கப்போகிறேன். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதில்லை என்று உறுப்பினர் கடைகள் அனைத்திலும் பலகை மாட்டுவது ஒன்று. கத்திரி முடியும்வரை பகல் 1 மணி முதல் 4 மணி வரை மண்டியில் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி வேலையை நிறுத்திவைப்பது மற்றொன்று. எதிர்ப்பு வரும் என்று தெரியும், வாதாடத் தயாராக இருக்கிறேன். அதற்கிடையில் ஜவ்வாது மலைப் புளி வரத்து இன்னும் சில வாரம்தான் இருக்கும். முகப்பில் தொங்கும் சிப்ஸ் சரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, புளிக்கூடையை வெளியே எடுத்து வையுங்கள்.