பிள்ளையின் இரத்தப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடலாமா?

சிம்பாங் அம்பாட்: "தம்பி, நீங்க பத்திரிகையில இருக்கீங்க. இத யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல," என்று ஒரு தாயார் அண்மையில் என்னிடம் பேச்சைத் தொடங்கினார். அவருடைய மகள் நான்காம் படிவத்தில் படித்தபோது, பள்ளியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தாலசீமியா மரபணு அவரிடம் இருப்பது தெரிந்தது. மகள் இப்போது வேலைக்குப் போகிறார். மருத்துவ அட்டை எடுக்கக் காப்புறுதி முகவர் பாரம் கொடுத்திருக்கிறார். உள்ளதை எழுதினால் மறுப்பார்களோ, எழுதாவிட்டால் பின்னால் சிக்கல் வருமோ என்று குடும்பமே குழம்பிப் போயிருக்கிறது.

அவர் அடுத்துக் கேட்டதுதான் முக்கியம். "சின்னவன் இந்த வருஷம் பாரம் நாலு. அவனுக்கு இரத்தம் எடுக்க நான் கையெழுத்துப் போடவா, வேணாமா?"

நான்காம் படிவ மாணவர்களுக்கான தாலசீமியா பரிசோதனையைச் சுகாதார அமைச்சு 2016 முதல் நடத்தி வருகிறது. அது நல்ல திட்டம். இந்த மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர். எல்லாரையும் போல உழைக்கலாம், வாழலாம். ஆனால் கணவன், மனைவி இருவரும் ஒரே வகை மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தாலசீமியா வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். திருமணத்துக்கு முன்பே இதை அறிந்துகொள்ளத்தான் பரிசோதனை.

பரிசோதனையில் குறையில்லை. அதன் முடிவை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லத் தனிச் சட்டம் இல்லாததே குறை.

இருக்கிற சட்டங்களைப் பார்ப்போம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நலத் தகவலைப் பயன்படுத்த நமது வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் காப்புறுதிப் பாரத்தில் கையெழுத்திடும்போதே அந்த ஒப்புதலையும் கொடுத்துவிடுகிறோம். கொடுக்காவிட்டால் காப்புறுதி இல்லை. மேலும், கூட்டரசு, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது.

வேலையிடத்தில்? 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், பாகுபாடு குறித்த புகாரை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. அவரது உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் எது பாகுபாடு என்று சட்டம் விளக்கவில்லை. வேலைக்கு மனுச் செய்து, மருத்துவப் பரிசோதனையோடு திருப்பி அனுப்பப்படும் இளைஞர் அதில் இடம்பெறவில்லை. அரசியலமைப்பின் சமத்துவ உரிமையும் தனியார் முதலாளிக்கு எதிராகக் கைகொடுக்காது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கா 2008இல் தனிச் சட்டம் இயற்றி, மருத்துவக் காப்புறுதியிலும் வேலையிலும் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்தது. பெற்றோருக்கு என்ன நோய் என்ற குடும்ப நோய் வரலாறும் அங்கே மரபணுத் தகவல்தான். கனடா 2017இல் சட்டம் கொண்டு வந்தது. இந்தியாவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு காப்புறுதி நிறுவனம் மரபணு நோய் என்று காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்த வழக்கில், அது பாகுபாடு என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் 2021 முதல், மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி காப்புறுதி நிறுவனங்கள் யாரையும் வற்புறுத்த முடியாது.

நம் நாட்டில் சட்டம் வரும்வரை என்ன செய்வது? நிதிச் சேவைகள் சட்டம் 2013இன்படி, காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது நம் கடமை. பொய் சொன்னால், இழப்பீடு கேட்கும் நாளில் ஒப்பந்தமே ரத்தாகலாம். தோட்டத்திலும் தாமானிலும் பலர் செய்யும் தவறு, வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு முகவரிடம் கொடுத்துவிடுவது. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அவர் குறித்துவிட்டால் பழி நம் தலையில். பாரத்தை நீங்களே படியுங்கள், நகல் எடுத்து வையுங்கள். பிள்ளை மரபணுவைச் சுமப்பவர் மட்டுமே, நோயாளி அல்லர் என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இதுதான்: "கையெழுத்துப் போடுங்கம்மா. தெரிஞ்சிக்கிறது தம்பியோட எதிர்காலத்துக்கு நல்லது."

சொல்லிவிட்டேன். ஆனால் அந்த முடிவைக் காட்டி நாளை அவனுக்கு யாரும் வேலையோ காப்புறுதியோ மறுக்கமாட்டார்கள் என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. அந்த உறுதியைத் தர வேண்டியது நாடாளுமன்றம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருவோரிடம் சாலை, கோயில் மானியத்தோடு இதையும் கேட்போம்.