"நொண்டி"ன்னு கூப்பிட்டா பள்ளிக்கூடம்தான் பதில் சொல்லணும்!

"நொண்டி", "செவிடு", "திக்குவாய்"... இந்தப் பட்டப்பெயர் கேக்காத பள்ளிக்கூடம் நம்ம பக்கம் இருக்கா? பெத்தவங்க போய் முறையிட்டா, "பசங்க விளையாட்டுங்க, கண்டுக்காதீங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. தோழர்களே, அப்படி அனுப்ப சட்டம் இடம் கொடுக்கல.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். சொற்பொழிவுக்கு வந்த மகாவிஷ்ணு, குறைபாட்டோட பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன்னு மாணவிகள் முன்னாடியே பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் சங்கர் எதிர்த்துக் கேட்டார். செப்டம்பர் 7-ல் பேச்சாளர் கைது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் பிரிவு 92-ம் வழக்கில் சேர்ந்தது. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது அந்தப் பிரிவு. தலைமை ஆசிரியரும் இடமாற்றம் செய்யப்பட்டார்.

(பாவம்னு பேசுறவங்களுக்கு ஒண்ணு: நம்ம திருநாவலூர்ல பிறந்த சுந்தரர், பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகளைத் திருத்தொண்டத்தொகையில் அடியார் வரிசையில் வெச்சவர்.)

அதுக்காக கேலி பண்ற எட்டாவது படிக்கிற பையனை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லல. பொறுப்பு பெரியவங்களோடது. அரசுப் பள்ளியோ, அங்கீகாரம் வாங்கிய தனியார் பள்ளியோ, பாகுபாடு இல்லாம சேர்த்து, விளையாட்டு உட்பட எல்லாத்திலும் சம வாய்ப்பு தரணும்னு அதே சட்டத்தின் பிரிவு 16 சொல்லுது. கேலிக்குப் பயந்து ஒரு பிள்ளை பி.டி. பீரியட்ல வகுப்பிலேயே தனியா உக்காந்திருந்தா அது என்ன சம வாய்ப்பு? ஆசிரியரே பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் மோசம். மாணவரை மன ரீதியா துன்புறுத்துவதை கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 தடை செய்யுது. மீறினால் துறை நடவடிக்கை.

வாய்ல சொன்னா நிக்காது. தேதி, நடந்தது, யார் யாரிடம் சொன்னீங்க எல்லாத்தையும் எழுதி தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்க. அசையலைன்னா மாவட்டக் கல்வி அலுவலர், கள்ளக்குறிச்சி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதுக்கு மேல மாநில ஆணையர். அடி, சித்திரவதைன்னு போனா தாசில்தார், ஆர்டிஓ போன்ற நிர்வாக நடுவருக்கு யார் வேணும்னாலும் தகவல் கொடுக்கலாம், பெத்தவங்கதான் போகணும்னு இல்ல (பிரிவு 7).

கூலி வேலைக்குப் போற அம்மாவுக்கு இதெல்லாம் எழுத நேரம் ஏது? ஒன்றியத்தில் இருக்கிற நம்ம இளைஞரணித் தம்பிங்க மனு எழுதிக் கொடுங்க, கூடவும் போங்க. பிள்ளையோட பேரு, போட்டோ மட்டும் எந்த குரூப்லயும் போடாதீங்க.

பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.