பெடல் இறங்கினால் பயணம் வேண்டாம்

பண்டிகை வந்தால் பெங்களூர்த் தமிழர்கள் பலர் வாடகைக் காரில் ஓசூர், தருமபுரி வழியாக ஊருக்குப் புறப்படுகிறார்கள். வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாடிழந்த ஒரு லாரியால் 4 பேர் மாண்டனர். பிரேக் சரியில்லாத காரை அங்கே இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால், பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். அழுத்திப் பிடித்தபடி இருக்கும்போது மெல்ல மெல்லத் தரைவரை இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். வெளியே ஒழுகல் தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கலாம். பழைய பிரேக் ஆயிலும் ஆபத்தே. புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்கும் டாட்-3 ஆயில், ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அது ஆவியாகும், பெடல் கைவிடும்.

குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்புவது பழுது பார்த்ததாகாது. ஒழுகலை அடைத்து, காற்றை வெளியேற்றி, ஆயிலை மாற்ற வேண்டும். உதிரி பாகங்களுக்கு ஜே.சி. ரோடு இருக்கிறது. ஒரு நாள் வாடகை போகிறதே என்று உரிமையாளர் டிரைவரை விரட்டக் கூடாது. "வண்டி வராது" என்று சொல்லும் டிரைவரைப் பயணிகளும் கோபிக்கக் கூடாது. அவர்தான் உண்மையில் ஊர் கொண்டு சேர்ப்பவர்.